தலையெழுத்தா?

கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் பலமான அடி. உடன் வேலை செய்வோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மண்டையைத் திறந்து, உறைந்த இரத்தத்தை அகற்றி, மூடித் தைத்து, உயிரை மீட்டுத் தருகிறார்கள் மருத்துவர்கள். சில வாரங்களில் வீடு திரும்புகிறார். கை இருக்கிறது, கால் இருக்கிறது, பேச்சும் வருகிறது. 'என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாளே மாரியாத்தா' என்று கூழ் ஊற்றுகிறாள் தாய்.

பிறகுதான் தொடங்குகிறது தொல்லை!

காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. கரணையை எடுக்கப் போனவர், எதற்கு வந்தோம் என்று விழித்து நிற்கிறார். சிமெண்டுக்கு மணல் எத்தனை பங்கு என்பது, இருபது ஆண்டு கலவை போட்ட கைக்குத் தெரியவில்லை. அதிர்ந்து பேசாதவர் என்று பெயரெடுத்தவர், சிறு சொல்லுக்கும் சீறுகிறார். அல்லது சீறுவதுமில்லை, சிரிப்பதுமில்லை, யாரேனும் 'எழுந்திரு' என்று சொல்லும் வரை திண்ணையில் உட்கார்ந்தபடியே இருக்கிறார். மேஸ்திரி, 'இனி வேண்டாமப்பா' என்று சொல்லிவிடுகிறார். 'காத்துக் கருப்பு அடித்திருக்கும், கோடாங்கியிடம் கூட்டிப்போ' என்கிறார் ஒருவர். 'வேலைக்குப் பயந்து வேஷம் போடுகிறான்' என்கிறார் இன்னொருவர். தெருவிலே மூத்தவர், தம் நெற்றியைத் தொட்டுக் காட்டி, 'எல்லாம் தலையெழுத்து' என்று தீர்ப்பளித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்.

தலைக்குள்ளே பட்ட அடி, தலைமேலே எழுதிய எழுத்தாகிவிடுகிறது! எழுதியவன் யார், எந்த மையால் எழுதினான் என்று கேட்டால் நாத்திகன் என்பர். நாம் அதைக்கூட இப்போது கேட்கவில்லை, தோழர்களே. உள்ளே நடந்தது என்ன, அதைச் சீர்படுத்த வழி உண்டா, இல்லையா என்று மட்டும் கேட்கிறோம்.

வழி உண்டு. நூறாண்டுக்கு மேலாகவே உண்டு.

நெற்றிக்குப் பின்னே இருக்கும் மூளைப் பகுதி, நம் வேலையைத் திட்டமிடுகிறது, தொடங்கி வைக்கிறது, கோபத்துக்குக் கடிவாளம் போடுகிறது. காதோரம் இருக்கும் பகுதிக்கு நினைவிலே பெரும் பங்கு. தலை வேகமாக மோதும்போது, மண்டையோட்டின் உட்புற முரட்டு எலும்பிலே இடித்து நசுங்குபவை பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களே. ஆகவே, மறதியும் மந்தமும் சினமும் குணக்கேடல்ல, காயம். எலும்பு முறிந்தால் கை வீங்குவது போல, மூளை முறிந்தால் நடத்தை முறிகிறது. கைக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது, இரக்கம் பிறக்கிறது. மூளையின் காயம் தெரிவதில்லை, ஏச்சும் பேச்சும்தான் மிஞ்சுகிறது.

இந்தக் காயத்துக்குக் கத்தியும் மாத்திரையும் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பதை உலகுக்குக் கற்றுக் கொடுத்தது எது தெரியுமா? கூறவே கூசுகிறது. போர்!

முதல் உலகப் போரிலே, தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்துவிட்ட சிப்பாய்கள் ஜெர்மனியிலே ஏராளம். அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொலோன் நகரில் பொப்பெல்ராய்ட்டர் என்பாரும், பிராங்க்பர்ட் நகரில் கூர்ட் கோல்ட்ஸ்டைன் என்பாரும் விடை தேடினார்கள். கோல்ட்ஸ்டைன் செய்த ஏற்பாட்டைத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவ விடுதி ஒருபுறம், உளவியல் சோதனைக்கூடம் ஒருபுறம், இழந்த படிப்பை மீண்டும் கற்றுத்தரும் பள்ளி ஒருபுறம், இவற்றோடு ஒரு தொழிற்பட்டறை! காயம்பட்டவன் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்யக்கூடும் என்பதை ஏட்டிலே தேடவில்லை அவர், பட்டறையிலே பார்த்தார்.

அங்கே இருந்த ஒருவரைப் பற்றி மருத்துவ உலகம் இன்றுவரை பேசுகிறது. 1915இல் போர்முனையிலே காயம்பட்டவர். 'உன் மூக்கைச் சுட்டிக்காட்டு' என்று மருத்துவர் சொன்னால், தடுமாறுவார். ஆனால் அதே மூக்கைச் சிந்த வேண்டுமானால், கை தானாகப் போகும்! பட்டறையிலே தோல் பணப்பை செய்யக் கற்றார். நல்ல உடம்புள்ள தொழிலாளி செய்வதில் முக்கால் பங்கு செய்தார். அவரைச் சோதித்த முறை பற்றிப் பிற்கால அறிஞர்கள் தர்க்கித்ததுண்டு. அது அறிஞர்கள் பாடு. நமக்கு வேண்டியது அந்த முக்கால் பங்கு! சோதனை மேசையிலே தோற்ற கை, வேலை மேசையிலே வென்றது.

அத்தகைய மருத்துவருக்கு அந்நாடு தந்த பரிசு என்ன? 1933இல் இட்லரின் கூட்டம் ஆட்சிக்கு வந்ததும், யூதர், சோஷலிஸ்ட் என்ற இரண்டு 'குற்றங்களுக்காக'க் கோல்ட்ஸ்டைன் சிறையில் தள்ளப்பட்டார். நாட்டைவிட்டே போய்விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகே வெளியே விட்டனர். ஜெர்மன் சிப்பாயின் மூளையைச் சீர்படுத்தியவரின் இரத்தம் என்ன இரத்தம் என்று ஆராய்ந்தார்கள், பேதையர்!

அடுத்த போர். இம்முறை சோவியத் நாடு. யூரல் மலைப் பகுதியிலே, மூளைக் காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு அலெக்சாண்டர் லூரியாவிடம் வந்தது. போருக்கு முன்பே அவரும் அவருடைய தோழர் வைகாட்ஸ்கியும் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோயாளி ஒருவர் சமதரையிலே இரண்டடி நடக்க மாட்டாமல் நின்றார். மாடிப்படியிலோ ஏற முடிந்தது! தரையிலே வரிசையாகக் காகிதத் துண்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி வரச் சொன்னார்கள். நடந்தார்! தானாக நடத்திச் செல்லும் மூளைப் பாதை அடைபட்டுப்போயிருந்தது. கண்ணால் பார்த்துத் தாண்டும் பாதை திறந்திருந்தது. அந்த வழியே அவரைக் கூட்டிச் சென்றனர், அவ்வளவுதான். பாலம் உடைந்தால் ஊருக்குப் போகாமலா இருந்துவிடுகிறோம்? சுற்றுவழி கேட்டுப் போகிறோமல்லவா?

லூரியாவிடம் வந்தவர்களிலே ஸசெட்ஸ்கி என்ற இளைஞர் ஒருவர். பொறியியல் மாணவராக இருந்து படைக்குப் போனவர். 1943 மார்ச்சில் குண்டு இடப்புற மூளையைத் துளைத்தது. அதன்பின் உலகம் அவருக்குத் துண்டு துண்டாகிவிட்டது. பொருள்களின் வலப்பக்கம் தெரியாது. தம் உடலின் பகுதிகளே சில வேளை காணாமற் போகும். எழுத்துக்கள் மறந்தன, படிப்பு போயிற்று. எழுத முயன்றால், எந்த எழுத்து எப்படி வளையும் என்று எண்ணி எண்ணிக் கை நின்றுவிடும். ஒரு நாள் மருத்துவர் ஒருவர் சொன்னார்: எழுத்தெழுத்தாக யோசிக்காதே, கையை எடுக்காமல் சொல்லை ஒரே மூச்சில் எழுது. 'இரத்தம்' என்ற சொல். எழுதிவிட்டார்! கண்ணும் கருத்தும் மறந்ததைக் கை மறக்கவில்லை. ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்தால், அவருக்கே புரியவில்லை!

வீட்டுக்குப் போனார். தாயின் நிழலிலே இருந்துகொண்டு எழுதினார். ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் தவித்து, நாளொன்றுக்குச் சில வரிகள் என்று எழுதினார். ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 3000 பக்கங்கள்! அந்தக் குறிப்புகளைக்கொண்டு லூரியா எழுதிய நூல், ஆங்கிலத்தில் 1972இல் வந்தது. முழுக் குணம் அடைந்தாரா? இல்லை. பொய் சொல்லி நம்பிக்கை ஊட்ட நமக்கு விருப்பமில்லை. செத்துப்போன மூளைப் பகுதியை எந்தப் பயிற்சியும் எழுப்பிவிடாது. ஆனால், தலைக்குள்ளே நேர்ந்ததைத் தன் கையாலேயே எழுதிக் காட்டிய அந்த மனிதரிடம் போய்த் 'தலையெழுத்து' என்று சொல்லத் துணிவார் உண்டா?

அதற்குப் பிறகு இந்தக் கலை வளர்ந்திருக்கிறது. 1994இல் இங்கிலாந்திலே பேட்லியும் பார்பரா வில்சனும் ஒன்றைக் கண்டறிந்தார்கள். நினைவு மிகவும் கெட்டவரை, 'சொல், சொல், ஊகித்துச் சொல்' என்று நெருக்கினால், அவர் சொல்லும் தப்பான விடையே மனத்தில் தங்கிவிடுகிறது. சரியானதை முதலிலேயே சொல்லிக் கொடுத்து, தவறுக்கே இடமில்லாமல் பழக்கினால் நன்றாகக் கற்கிறார். நம் வீடுகளிலே என்ன நடக்கிறது? வருகிற உறவினரெல்லாம், 'நான் யாரென்று சொல் பார்ப்போம்' என்று தேர்வு நடத்துகிறார்கள்! அன்பினாலே செய்கிற அநியாயம் அது. 'நான் உன் மாமன் மகன்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே வரலாமே.

தலைக்காயம்பட்ட மகனுக்காக அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் துணையோடு உருவாக்கிய நினைவூட்டும் கருவியை, வில்சன் குழுவினர் 143 பேரிடம் சோதித்து 2001இல் வெளியிட்டனர். 'மருந்து சாப்பிடு', 'கதவைப் பூட்டு' என்று வேளாவேளைக்குச் செய்தி காட்டும் சிறு பெட்டி. 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அது இல்லாததைவிட, அது இருந்தபோது தம் வேலைகளை நன்றாக முடித்தனர். இன்று அந்த வேலையைக் கைப்பேசியின் மணியே செய்துவிடும். கலவைக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டலாம், கரணைக்கு ஒரே இடம் வைக்கலாம், சட்டைப்பையில் நோட்டுப்புத்தகம் வைக்கலாம். காசு அதிகம் வேண்டாம். பொறுமையும் அதைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள்தான் நம் ஏழைக்குக் கிடைப்பதில்லை. பெங்களூர் நிம்ஹான்சிலே இத்தகைய பயிற்சி உண்டு. சாரத்திலிருந்து விழுந்தவர் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கிவிட முடியுமா?

சட்டமாவது துணை நிற்கிறதா என்று பார்த்தோம். 1923இல் பிறந்த தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டதே, அந்தச் சட்டத்தின் பட்டியலைப் புரட்டினோம். கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஒரு கண் போனால் 40 விழுக்காடு என்று கசாப்புக்கடைக் கணக்குப்போல் எழுதியிருந்தது. நினைவு போனால்? பட்டியலில் இல்லை! பட்டியலில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்து பெயரும் ஊரும் ஒழுங்காகச் சொல்லுகிறவரைப் பார்த்து, 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று எழுதிவிடுவது எத்தனை எளிது! நினைவையும் கவனத்தையும் அளந்தறிய மணிக்கணக்கான சோதனை வேண்டும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை எண்ணிச் சொல்லிற்று. தலைக்காயத்துக்கென்று ஒரு வரி அதிலும் இல்லை.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை என்று தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் திட்டம் தொடங்கியபோது, வரவேற்றோம். உயிர் காக்கும் பணி அது. குறை கூற மனமில்லை. ஆனால், அந்தக் கொத்தனாரின் மனைவி சார்பிலே ஒன்று கேட்கிறோம்: 49ஆவது மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? 49ஆவது வாரத்துக்கு?

போர்முனையிலே குண்டு பாய்ந்தவனுக்குப் பள்ளியும் பட்டறையும் அமைத்துக் கொடுத்தது, ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஜெர்மனி. கட்டடம் எழுப்பப் போய் மண்டை உடைந்தவனுக்குத் திண்ணைதான் பட்டறையா? மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் ஓர் அறை, பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர், வாரம் இரு நாள், வீட்டாருக்கும் சேர்த்துப் பயிற்சி. அணைக்கட்டுச் செலவா இது? தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி அனுப்பலாம். அதுவரை, தலையில் அடிபட்ட தோழரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரப் போகிறவர்கள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், 'இவருடைய நினைவைச் சோதித்தீர்களா, அந்தச் சோதனை முடிவைக் கொடுங்கள்' என்று கேட்டு எழுத்திலே வாங்கி வாருங்கள். நட்ட ஈட்டு வழக்கு வரும் நாளில் அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.