வெள்ளை ஜவ்வரிசியும் நம்ம குச்சிக்கிழங்கு விலையும்

மரவள்ளிக் குச்சி நட்டு, பத்து மாசம் காத்திருந்து, கடைசியில் மில் வாசலில் கைகட்டி நிற்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கச்சிகளே!

போன சீசனில் நானும் ஒரு லோடு கிழங்கு ஏற்றிக்கொண்டு போனேன். எந்த மில் என்று இங்கே எழுதவில்லை, எல்லா மில்லிலும் நடப்பதுதான். முதல் நாள் எடை போடவில்லை. மறுநாள் சாயந்திரம் பாயிண்ட் பார்த்தார்கள். "காஞ்சு போச்சுங்க, பாயிண்ட் இல்லை" என்றார்கள். காய வைத்தது யார்? வண்டியை வாசலில் நிறுத்தி வைத்தவர்கள் தானே! விலை ஏன் இப்படி இறங்கியது என்று கேட்டதற்கு, "வடக்கே சரக்கு ஓடலை" என்று ஒரே பதில். திரும்பும்போது குடோன் ஓரமாகப் பார்த்தேன். மக்காச்சோள மாவு மூட்டை வரிசையாக அடுக்கி இருந்தது. கிழங்கு மில்லுக்குள் மக்காச்சோள மாவுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைத்தான் இந்தத் துண்டறிக்கையில் எடுத்துக்கொள்கிறேன். ஜவ்வரிசி சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்பது சாப்பிடுகிறவர் கவலை, ஆபீசர் கவலை என்று நாம் இருந்துவிட்டோம். அது நம்ம வயிற்றுப்பாட்டுக் கவலை. மில்லில் ஒரு மூட்டை கலப்பட மாவு இறங்கினால், நம்ம காட்டில் அந்த அளவு கிழங்குக்கு கிராக்கி போச்சு என்று அர்த்தம்.

எப்படி வந்த தொழில் இது?

ஒரு காலத்தில் ஜவ்வரிசி கப்பலில் வந்தது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளி மாவைக் கொண்டு இங்கேயே செய்து பார்த்தார்கள். அதிலிருந்து சேலம், ஆத்தூர், நாமக்கல், நம்ம சின்னசேலம் வரைக்கும் தொழில் பரவியது. 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது நம்ம கிழங்கு. நைனார்பாளையத்துச் செம்மண்ணில் முதுகு ஒடிய நாம் பறித்துக் கொடுத்த கிழங்கு.

வெளுப்பு எங்கிருந்து வருகிறது?

கிழங்கைப் பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓட ஆரம்பிக்கும். இது நமக்குத் தெரியும். அதை அப்படியே அரைத்தால் மாவு மங்கும். தோலைச் சரியாக உரிக்காமல் அரைத்தாலும் மங்கும். தொட்டித் தண்ணீர் கெட்டுப் போனாலும் மங்கும். பறித்த சூட்டில் எடை போட்டு, தோலுரித்து, நல்ல தண்ணீரில் அரைத்து, வடிகட்டி, படிய வைத்து எடுத்தால் மாவு தானாகவே வெள்ளையாக வரும். ஆனால் தோலுரிக்க ஆள் கூலி வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். நேரம் வேண்டும். இதெல்லாம் செலவு. வெளுக்கும் ரசாயனமும் ஆசிட்டும் மலிவு. சேலம் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய சோதனைகளில் இவை பலமுறை பிடிபட்டு, பேப்பரிலும் வந்தது.

அதோடு மக்காச்சோள மாவு. மக்காச்சோளமும் நாம்தான் போடுகிறோம். அதன் மேல் நமக்கு ஒன்றும் கோபமில்லை. மக்காச்சோள மாவை மக்காச்சோள மாவு என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். ஜவ்வரிசி என்று சொல்லி விற்றால் அது திருட்டு. நம்ம நாட்டு உணவுச் சட்ட விதி, ஜவ்வரிசி என்றால் சேகோ பனை மாவிலோ மரவள்ளிக் கிழங்கு மாவிலோ செய்தது என்றுதான் சொல்கிறது. சாம்பல் 0.4 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் அளவு வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நம்ம ஜவ்வரிசியை யார் வாங்குகிறார்கள்? ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருக்கும் ஜனங்கள். விரத நாளில் தானியம் தொடக்கூடாது, ஜவ்வரிசி தானியமில்லை, அதனால் சாப்பிடலாம் என்று வாங்குகிறார்கள். அதில் மக்காச்சோளத்தைக் கலந்தால், ஊர் பேர் தெரியாத ஒரு தாயின் விரதத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு கெடுக்கிறோம். அந்த அம்மாவுக்கு ஒருநாள் விஷயம் தெரிந்தால் திரும்ப வாங்குவார்களா? அன்றைக்கு மில்காரர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். நாம் கிழங்கை என்ன செய்வது?

2008-ல் சீனாவில் இதுதான் நடந்தது. பாலில் தண்ணீரைக் கலந்து, அது சோதனையில் தெரியாமல் இருக்க மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். 6 குழந்தைகள் செத்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு உடம்பு கெட்டது. அதன் பிறகு வாங்க ஆளில்லாமல் பாலைக் கீழே கொட்டியவர்கள் யார்? ஒரு தப்பும் செய்யாத மாடு வளர்ப்பவர்களும் கொட்டினார்கள்.

சீல் வைத்தால் தீருமா?

நம்ம கூட்டத்தில் சில தம்பிகள், "எல்லா மில்லுக்கும் சீல் வைக்கச் சொல்லுங்க" என்று சத்தம் போடுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறுவடை நேரத்தில் மில்லை மூடினால் கிழங்கு எங்கே போகும்? நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்கிற பண்டமா இது?

சின்ன மில் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, நான் ஒண்ணும் கலக்காம செய்யறேன். என் மூட்டை லேசா மங்கலா இருக்கு. பக்கத்து மில்லு மூட்டை பளிச்சுனு இருக்கு. வியாபாரி அதைத்தான் தூக்கறான், அதுவும் எனக்கு அடங்காத விலையில. ஆபீசர் வந்தாரு, பத்து தப்பு எழுதினாரு. எப்படித் திருத்தணும்னு யாரும் சொல்லலை. நோட்டீசு இங்கிலீசுல இருக்கு. நான் படிச்சது எட்டாவது." அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். இப்படிப்பட்டவர் தொழிலை விட்டுப் போனால் மிச்சம் இருப்பது கலப்படக்காரர் மட்டும்தான். அப்போது அவர் வைத்ததுதான் விலை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: நேர்மையாக நடக்க நினைக்கும் மில்லுக்குச் சர்க்கார் கைகொடுக்க வேண்டும். ஏமாற்றும் மில்லிடம் கணக்குக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் நமக்கு விலை.

சட்டத்தில் வழி இருக்கிறது

2006-ல் போட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதன் 32-வது பிரிவில், குறை கண்டால் எதைத் திருத்த வேண்டும், எப்படித் திருத்த வேண்டும் என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீசு தர வழி இருக்கிறது. அதற்கும் திருந்தாவிட்டால் லைசென்சை நிறுத்தி வைக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். எடுத்த மாதிரிக்கு 14 நாளில் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்றும் இருக்கிறது. தரம் குறைந்த உணவு விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நம்மைப் போன்ற சாதாரண ஆளும், கடையில் வாங்கும்போதே "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்லி, கட்டணம் கட்டி அனுப்பலாம். தப்பு இருப்பது தெரிந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். இது 40-வது பிரிவு.

சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. 2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்த பிறகுதான் ஜீப்புகள் வரிசையாக வந்தன. பிணம் விழுந்த பிறகு வருகிற சோதனை யாருக்கு வேண்டும்?

கணக்கே காட்டிக் கொடுக்கும்

கலப்படத்தைப் பிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஒரு டன் ஜவ்வரிசிக்குச் சுமார் 4 முதல் 5 டன் கிழங்கு வேண்டும். 10 டன் கிழங்கு உள்ளே போனால் 90 கிலோ மூட்டையாக 22 முதல் 28 மூட்டை வெளியே வரலாம். 50 மூட்டை வந்தால் மிச்சம் எங்கிருந்து வந்தது? எடைமேடைச் சீட்டு இருக்கிறது, லாரி பில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஒரு கணக்குப்பிள்ளை போதும்.

சோதனையும் உண்டு. அயோடின் சொட்டினால் கிழங்கு மாவும் நீலமாகும், மக்காச்சோள மாவும் நீலமாகும். அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். மக்காச்சோள மாவின் துகள் கோணல் கோணலாக மூலை வைத்திருக்கும். மரவள்ளித் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டிய மாதிரி இருக்கும். தட்டில் வறுத்துவிட்டால் துகள் பாதி வெந்து உருக்குலைந்து போகும். அதனால் மாதிரியைத் தொட்டியிலும் குடோனிலும் மாவாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். மூட்டை தைத்த பிறகு வந்து பார்ப்பது, குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிற கதை.

நம்ம மாட்டையும் மறக்காதீர்கள். மில்லில் வரும் திப்பியை வாங்கி வந்து மாட்டுக்குப் போடுகிறோம். அங்கே ஊற்றுகிற ஆசிட் கடைசியில் எங்கே போகிறது? மில் கழிவுத் தண்ணீர் இறங்குகிற ஓடை யாருடைய கிணற்றுப் பக்கம் போகிறது?

நம்ம பக்கமும் இருக்கிறது

ஒளிக்காமல் சொல்கிறேன். நாமும் சில பேர் முற்றாத கிழங்கைப் பறிக்கிறோம். மண்ணோடு ஏற்றுகிறோம். பறித்த கிழங்கை விலை ஏறும் என்று இரண்டு நாள் போட்டு வைக்கிறோம். அடுத்தவனைக் கைநீட்டிக் கேட்கும்போது நம்ம கை சுத்தமாக இருக்க வேண்டும். முற்றின கிழங்கு, மண் தட்டின கிழங்கு, பறித்த அன்றைக்கே லோடு. இதை நாம் கட்டுப்பாடாக வைத்துக்கொண்டால், எடையை அன்றைக்கே போடு என்று மில்காரரிடம் உரிமையோடு கேட்கலாம்.

நம்ம கோரிக்கைகள்

1. ஒவ்வொரு மில்லிலும் வாங்கிய கிழங்கு எடையும் வெளியே போன ஜவ்வரிசி எடையும் மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் வந்தால் விளக்கம் கேட்க வேண்டும்.

2. ஜவ்வரிசி மில்லுக்குள் மக்காச்சோள மாவு இறங்குவதைத் தடுக்க வேண்டும்.

3. சோதனைக்கூட வசதியைச் சின்னசேலம் பக்கமே கொண்டு வர வேண்டும். சின்ன மில்லுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும்.

4. நோட்டீசும் விதிமுறையும் தமிழில் தர வேண்டும். ஆபீசர் வந்தால் தப்பை எழுதுவதோடு, திருத்தும் வழியையும் எழுதித் தர வேண்டும்.

5. தோலுரிக்கும் மெஷின், நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இவற்றுக்குச் சின்ன மில்லுக்கு மானியத்தோடு கடன் வேண்டும். 2020-ல் சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று மத்திய அரசு அறிவித்தது. நம்ம பகுதியில் எத்தனை மில்லுக்கு வந்தது என்று பட்டியல் வெளியிட வேண்டும்.

6. பளிச்சென்ற வெள்ளைக்கு விலை என்பதை விட்டு, சோதனைச் சீட்டு உள்ள மூட்டைக்கு விலை என்று சேகோசர்வ் ஏலத்தில் கொண்டு வர வேண்டும். வெளியே நேரடியாக விற்கும் சரக்குக்கும் அதே சோதனை வேண்டும்.

7. கிழங்கு வந்த அன்றைக்கே எடையும் பாயிண்டும் விவசாயி கண் முன்னால் பார்க்க வேண்டும். பாயிண்ட் மெஷினை எடையளவு ஆபீசர் சோதித்து முத்திரை வைக்க வேண்டும்.

இந்த ஏழில் ஒன்றுகூட நாம் பிச்சை கேட்பது அல்ல. பாதி ஏற்கெனவே சட்டத்தில் உள்ளது. மீதி, மனசு வைத்தால் ஒரு சீசனில் ஆகும்.

நேர்மையான மில் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நமக்கு எதிரி இல்லை. கணக்கைத் திறந்து வையுங்கள். மானியத்துக்கு நீங்கள் மனு கொடுக்கும்போது உங்கள் பக்கத்தில் விவசாயியும் நிற்பான். மூடி மறைத்தால் அதே விவசாயி உங்கள் வாசலில் உட்காருவான்.

அண்ணன் தம்பிகளே! நமக்கென்ன என்று வீட்டில் இருந்தால் அடுத்த சீசனிலும் அதே வாசல், அதே "பாயிண்ட் இல்லை". சங்கம் அழைக்கும் நாளில் தாலுகா ஆபீசுக்கு ஆளுக்கு ஒரு குச்சிக்கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெண்களும் வாருங்கள், நட்டதும் களை எடுத்ததும் நீங்கள்தானே!

கிழங்கு போட்டவன் கேட்கிறான், ஜவ்வரிசியில் கிழங்கு எங்கே?

கலப்படத்தை ஒழிப்போம்! நேர்மையான தொழிலைக் காப்போம்! மரவள்ளிக்கு நியாய விலை பெறுவோம்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்,
நைனார்பாளையம்