வீட்டை விற்கும் முன் நாயைக் கணக்கில் சேருங்க

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு ஆர்வியில் நிரந்தரமாகக் குடியேறுகிறவர்களின் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆர்வி என்றால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி வீடு. பாதிக்கு மேற்பட்ட வீடியோக்களில் ஜன்னலோரம் ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாங்கள் கூட இருந்தால் போதும், அதற்கு எல்லா ஊரும் சொந்த ஊர்தான் என்று ஒரு வசனம் வேறு.

எனக்கு அந்த வசனத்தோடுதான் சண்டை. வீட்டை விற்கலாமா என்று குடும்பம் கூடிப் பேசியபோது அந்த நாய் ஓட்டுப் போடவில்லை. ஆனால் திட்டம் சொதப்பினால் முதல் அடி அதற்குத்தான்.

முதலில் கரண்ட் கணக்கு. நடுத்தர ஆர்விகள் பலவற்றில் இருப்பது 30 ஆம்ப், 120 வோல்ட் இணைப்பு. பெருக்கிப் பாருங்கள், மொத்தமே 3,600 வாட். கூரை ஏசி ஒன்றே சுமார் 1,500 வாட் இழுக்கும். அதோடு வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் ஓடினால் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடும். நீங்கள் உள்ளே இருந்தால் எழுந்து போய்த் தட்டிவிடுவீர்கள். கடைக்குப் போயிருந்தால்? உள்ளே இருப்பது நாய். அதற்குக் கதவு திறக்கத் தெரியாது.

வெயிலில் நிற்கும் காருக்குள் என்ன நடக்கும் என்று 2005-ல் ஒரு மருத்துவ ஆய்வு அளந்து பார்த்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தும் பெரிய பலன் இல்லை. ஆர்வி காரைவிடப் பெரியது, மெதுவாகச் சூடாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிசோனா ஜூலை வெயிலில் அந்த மெல்லிய சுவர் எவ்வளவு நேரம் தாங்கும்? கலிஃபோர்னியாவில் வண்டிக்குள் தவிக்கும் விலங்கைக் காப்பாற்ற வழிப்போக்கரே, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கண்ணாடியை உடைக்கலாம் என்று 2016-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். சும்மா கொண்டுவருவார்களா?

“அதான் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் வெப்பமானி இருக்கே” என்பார்கள். இருக்கிறது, அவசியம் வாங்கவும் வேண்டும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? இவர்கள் தேடிப் போவதே சிக்னல் இல்லாத இடங்களைத்தானே!

இரண்டாவது, எதைப் பார்க்கக் கிளம்பினார்களோ அந்த இடங்கள். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நாயை நடைபாதைகளிலும் மரப்பலகைப் பாதைகளிலும் கூட்டிப்போகக் கூடாது. சாலை, வண்டி நிறுத்துமிடம், முகாம் இவற்றிலிருந்து 100 அடிக்குள்தான், அதுவும் 6 அடிக்கு மிகாத கயிற்றில். கிராண்ட் கேன்யனில் மேல் விளிம்பில் நடக்கலாம், பள்ளத்தாக்குக்குள் இறங்க அனுமதி இல்லை. வனவிலங்குகளுக்காகப் போட்ட நியாயமான விதிகள்தான். ஆனால் விளைவு என்ன? ஒருவர் பார்க்கப் போக இன்னொருவர் காவல், இல்லையென்றால் நாய் வண்டிக்குள் தனியாக. மறுபடியும் அந்த 3,600 வாட் கணக்குக்கே வந்துவிட்டோம்.

மூன்றாவது, வைத்தியம். ஒரே ஊரில் இருந்தால் உங்கள் நாயைக் குட்டியிலிருந்தே பார்த்த டாக்டர் இருப்பார். ரோட்டில் ஒவ்வொரு முறையும் புது டாக்டர், புது ஃபைல். நோயும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தென்கிழக்கில் கொசு மூலம் இதயப்புழு, வடகிழக்கில் உண்ணி மூலம் லைம் நோய், அரிசோனாவின் மண் தூசியில் பள்ளத்தாக்குக் காய்ச்சல் உண்டாக்கும் பூஞ்சை. ஊர் ஊராகச் சுற்றும் நாய் இத்தனைக்கும் ஆளாகிறது.

பூனை இன்னும் பாவம். அதற்கு ஆளைப் போலவே இடமும் முக்கியம். பெரிய ஆர்விகளில் நிறுத்தியதும் சுவரின் ஒரு பகுதி மோட்டாரில் வெளியே நகர்ந்து அறையைப் பெரிதாக்கும். ஸ்லைட்-அவுட் என்பார்கள். பயந்த பூனை ஒளிய அதன் இடுக்குதான் வசதி. பூனை எங்கே என்று பார்க்காமல் பட்டனை அழுத்தினால்... மேலே எழுத மனசு வரவில்லை.

நாயோடு ஊர் சுற்றுவது என்றதும் ஜான் ஸ்டெய்ன்பெக்கை இழுப்பார்கள். 1960-ல் சார்லி என்ற வயதான பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றி, 1962-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அதைப் புரட்டிப் பாருங்கள். வழியில் சார்லிக்கு உடம்பு முடியாமல் போகிறது. எல்லோஸ்டோனில் கரடியைப் பார்த்து வெறிபிடித்தாற்போல் குரைக்க, வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வருகிறார். முக்கியமான விஷயம், நியூயார்க் மாநிலத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. சில மாதத்தில் சார்லி வீடு திரும்பியது. அது பயணம். இவர்கள் கிளம்புவது திரும்ப வீடு இல்லாமல்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை கட்ட முடியாமல் வண்டியில் வாழும் முதியவர்கள் அங்கே உண்டு. 2017-ல் ஜெசிகா ப்ரூடர் எழுதி, 2020-ல் படமாகவும் வந்த ‘நோமேட்லேண்ட்’ அவர்களைப் பற்றியதுதான். அவர்களில் பலருக்கு நாய் ஒன்றே துணை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கோபமெல்லாம், நல்ல வீட்டை விற்று, வண்டிக்கும் சோலார் பேனலுக்கும் பணத்தைக் கொட்டி, நாய்க்கு என்று ஒரு ரூபாய்கூட ஒதுக்காதவர்கள் மேல்தான்.

காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில் சொன்னால், இவர்கள் பட்ஜெட்டில் கண்டிஞ்சென்சி ஃபண்டே இல்லை. வண்டியோ வாங்கிய நாள் முதல் மதிப்பு குறையும் சொத்து. 2021-ல் வட அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேல் ஆர்விகள் தயாரிப்பாளர்களிடமிருந்து கடைகளுக்குப் போயின. 2023-ல் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உச்ச விலையில் வாங்கி, பிடிக்காமல் அவசரமாக விற்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். அந்தப் பணத்தில் வாடகை வீடு தேடினால் “நாய் கூடாது” என்ற போர்டு. அப்புறம் நாய் எங்கே போகும்?

அப்போ போகவே கூடாதா? போகலாம், வரிசையை மாற்றுங்கள். வீட்டை விற்கும் முன் ஒரு ஆர்வியை வாடகைக்கு எடுத்து, குளு குளு அக்டோபரில் இல்லை, ஜூலையில் ஒரு மாதம் நாயோடு இருந்து பாருங்கள். சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, வண்டி கிளம்பினாலே நடுங்குகிறதா என்று கவனியுங்கள். சோலாருக்கு முன் வைத்தியப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். தடுப்பூசி ஆவணங்களைக் கையோடு வையுங்கள். திரும்பி வந்தால் நாய்க்கு இடம் தரும் வாடகை வீட்டுக்கான முன்பணத்தைத் தொடாதீர்கள். அந்த ஒரு மாதத்தில் நாய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீட்டை விற்காதீர்கள். அவ்வளவுதான்.

டிஸ்கி: “ஊர் சுற்றப் பிடிக்காதவன் பொறாமையில் எழுதுகிறான்” என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஊர் சுற்ற எனக்கும் ஆசைதான் :)