மண்ணும் ஓர் அமானிதமே!



உழவும் வரப்பும் வேலியும் கண்ணில் படாத நிலத்தை வெற்று நிலம் என்று எளிதில் கூறிவிடுகிறோம். அங்கே எவருடைய உழைப்பும் இல்லை என்று முடிவும் கட்டிவிடுகிறோம். இத்தகைய முடிவு ஒரு சமூகத்தின் வாழ்வையே சிதைத்த வரலாற்றை இத்திங்கள் சிந்திப்போமாக.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடா தொடங்கித் தெற்கே மான்டரே வளைகுடாவுக்கு அப்பாலும் பரவி வாழ்ந்தோர் ஒலோனி மக்கள். தத்தம் எல்லையும் தலைமையும் உடைய ஏறத்தாழ ஐம்பது சிறு குழுக்களாக அவர்கள் வாழ்ந்தனர். 1769-ஆம் ஆண்டு ஸ்பானியப் படையணி ஒன்று தரைவழியே அங்கு வந்தது. ஏரும் கழனியும் அங்கில்லை. ஆயினும் புல்வெளிகளும் ஓக் மரச் சோலைகளும் மான் கூட்டங்களும் நிறைந்திருந்தன. இவ்வளமெல்லாம் தானே விளைந்ததென்று வந்தவர்கள் எண்ணினர்.

உண்மை வேறு. அவ்வளத்தில் பெரும்பங்கு அம்மக்களின் பராமரிப்பால் விளைந்தது. அவர்கள் கையாண்ட முதன்மையான கருவி நெருப்பு! உரிய பருவத்தில், அளவறிந்து, புல்வெளிகளுக்குத் தீயிட்டனர். காய்ந்த சருகும் புதரும் நீங்கின. புதுப்புல் தளிர்த்தது, அதனை மேய மான்கள் வந்தன. உணவுக்குரிய புல் விதைகள் செழித்தன. கூடை முடைவதற்கேற்ற நேரான இளங்கிளைகள் எழுந்தன. ஓக் மரத்தின் கொட்டைகளைச் சேமித்து வைத்து, பெண்கள் கல்லுரலில் இடித்து, மாவைப் பன்முறை நீரில் அலசித் துவர்ப்பைப் போக்கினர். நீர் கசியாத கூடையில் அம்மாவை இட்டு, சூடேற்றிய கற்களைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினர். இத்துணை நுட்பமும் ஏட்டில் எழுதாத கல்வியாகத் தலைமுறை தோறும் கைமாறி வந்தது.

1793-ஆம் ஆண்டு மே மாதம், ஸ்பானிய ஆளுநர் அரிலாகா அவ்வாறு தீயிடுவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். வந்தவர்களின் கால்நடைகள் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன. உணவிழந்த மக்கள் கிறிஸ்தவ மடங்களைச் சார்ந்தனர். ஞானஸ்நானம் பெற்றபின் விரும்பியவாறு வெளியேறும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1806-இல் பரவிய தட்டம்மை அம்மடங்களில் பலரை மாய்த்தது.

இறந்தோரையும் உலகம் விட்டுவைக்கவில்லை. அம்மக்கள் சிப்பி ஓடுகளும் மண்ணும் சேர்ந்து உயர்ந்த மேடுகளில் தம் முன்னோரை அடக்கம் செய்திருந்தனர். 1909-இல் வெளியான ஓர் ஆய்வு, வளைகுடாவைச் சுற்றி நானூறுக்கும் மேற்பட்ட மேடுகளைக் கணக்கிட்டது. அவற்றுள் பெரிதான எமரிவில் மேடு 1924-இல் தரைமட்டமாக்கப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்தது. மையவாடியின் மேல் கடைவீதி எழுந்தால் நம் உள்ளம் என்ன பாடுபடும்? அவர்தம் நம்பிக்கை நம்முடையதன்று; ஆனால் அந்த வேதனை நாம் அறியாததன்று.

1925-இல் வெளியான ஓர் அறிஞரின் நூல், இம்மக்கள் ஏறத்தாழ அற்றுப்போயினர் என எழுதியது. ஆனால் அதன்பின், அசென்சியோன் சொலோர்சானோ என்னும் மூதாட்டி, 1930-இல் மறையும் முன் நோயுற்ற நிலையிலும் தம் முட்சுன் மொழியையும் மூலிகை அறிவையும் ஹாரிங்டன் என்ற மொழி ஆய்வாளரிடம் உரைத்தார். அக்குறிப்புகளைக் கொண்டே அவர் வழித்தோன்றல்கள் இன்று தம் மொழியையும் நிலப் பராமரிப்பையும் மீட்டு வருகின்றனர். 2020-இல் சான்டா குரூஸ் மலைகளில் 86,000 ஏக்கருக்கு மேல் காட்டுத்தீ பரவியது. வெப்பமும் வறட்சியும் மட்டுமின்றி, நெடுங்காலமாகக் குவிந்த சருகும் இத்தகைய தீக்கு இரையாகிறது. அன்று தடுக்கப்பட்ட அளவான நெருப்பின் அருமையை இன்று அரசும் உணரத் தொடங்கியுள்ளது. 2024 மார்ச்சில், பெர்க்லி நகர மன்றம், வாகன நிறுத்துமிடமாகக் கிடந்த 2.2 ஏக்கர் மேட்டு நிலத்தைப் பழங்குடிப் பெண்கள் தலைமை தாங்கும் நில அறக்கட்டளையிடம் ஒப்படைக்க இசைந்தது.

வாசகர்களே! மனிதன் மண்ணின் உரிமையாளன் அல்லன். அல்லாஹ்வின் பிரதிநிதியே எனக் கற்றவர்கள் நாம். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது எனப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் நாம். வக்ஃபு நிலத்தை விற்கலாகாது என்பதையும் அறிவோம். அறிந்தால் மட்டும் போதுமா? நம் ஊர்க் குளத்தின் எல்லை எதுவென நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? எந்த இலை எந்நோய்க்கு என்பதை உம்மம்மாவிடம் கேட்டு எழுதி வைத்தோமா?

அமானிதத்தைப் பேணுதல் என்பது பூட்டி வைத்தல் அன்று; அறிந்து, உழைத்து, அடுத்தவர் கையில் குறைவின்றி ஒப்படைத்தலே ஆகும். அதற்கு வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.