விபத்துக் கார்களில் மறைந்து நிற்கும் கட்டமைப்புச் சேதம் – கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
டிங்கரிங் – பெயின்டிங் பட்டறையாளர் சங்கம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
1. போக்குவரத்து ஆணையர் அவர்கள், கிண்டி, சென்னை.
2. தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

பொருள்: விபத்துக்குள்ளான கார்களைக் கழற்றிப் பார்த்தபின் மறுஆய்வு செய்யவும், கட்டமைப்புப் பழுதுநீக்க விவரத்தை வாகனப் பதிவில் சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அடிபட்ட வண்டி பட்டறைக்கு வந்ததும் காப்பீட்டு சர்வேயர் வருகிறார், சுற்றி நின்று படமெடுக்கிறார், எஸ்டிமேட்டில் சிலவற்றை அடித்துவிட்டுத் தொகையை முடிவு செய்கிறார். சிறு தொகை என்றால் கைப்பேசிப் படங்களை வைத்தே முடிவாகிவிடுகிறது. பம்பரையும் ஃபெண்டரையும் நாங்கள் கழற்றுவது அதற்குப் பிறகுதான். அடி எதுவரை போயிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது. எங்கள் குறைகள் எல்லாம் இப்படி வரிசை மாறி நடப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

அண்மையில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் பட்டறைக்கு முன்பக்க இடது மூலையில் இடிபட்ட கார் ஒன்று வந்தது. வெளியே பம்பர் உடைசல், ஹெட்லைட், பானெட் நுனியில் ஒரு மடிப்பு, அவ்வளவே. கழற்றியபோது சேசிஸ் லெக்கின் (முன்பக்கத்தைத் தாங்கும் நீளச் சட்டத்தின்) நுனி உள்வாங்கியிருந்தது. ஏப்ரனில் (சக்கரத்தின் மேலுள்ள உள்தகட்டில்) ஷாக் அப்சார்பர் உட்காரும் இடத்தருகே சீலன்ட் மயிரிழையாக வெடித்து, பெயின்ட் பொரிந்திருந்தது. முன்கதவின் சந்து மேலே ஒட்டியும் கீழே அகன்றும் நின்றது. டிராம் கேஜ் வைத்து மூலைக்கு மூலை அளந்ததில் இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. அவர் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கூடுதல் எஸ்டிமேட் அனுப்பினார். "இது பழைய அடி" என்று பதில் வந்தது. வெடித்த இடத்தில் துருவின் சாயலே இல்லாதபோது பழைய அடி எப்படியாகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

லாரிக்கு இருப்பதுபோல இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்த உடலே சேசிஸ். மோதலின் வேகத்தை முன்பக்கம் மடங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உட்காரும் கூடு மடங்கக் கூடாது. அதற்காகப் பல மாடல்களில் பில்லர் போன்ற இடங்களில் போரான் எஃகு வைக்கிறார்கள். சூட்டில் அச்சடித்துக் குளிரவைத்த அந்த எஃகு ஏறத்தாழ 1,500 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கும். கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்தினால் அந்த வலு போய்விடும். மேலே பட்டி போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. அடுத்த விபத்தில் இப்படிக் காய்ச்சி நிமிர்த்திய முன்பக்கம் மடங்க வேண்டியபடி மடங்காது; வண்டியின் வேகம் குறையும் விதத்தைக் கணித்து விரியும் ஏர்பேக்கும் கணக்குத் தவறலாம். அப்படி வேலை செய்து கொடுக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. அவர்களுக்காக நாங்கள் பேசவில்லை.

ஆனால் பணம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் தாங்கள் பார்க்க வேண்டும். வழக்கமான பாலிசியில் 5 ஆண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதமும், 10 ஆண்டு கடந்தால் 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படுகிறது. லெக் மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பங்கை உரிமையாளர் கையிலிருந்து போட வேண்டும். "மாத்த வேணாங்க, இழுத்து நிமித்திக் குடுத்துருங்க" என்றுதான் சொல்கிறார். பழுதுச் செலவு ஐடிவி-யில் (பாலிசியில் அறிவித்த வண்டி மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு இழப்பு). அந்த வண்டி ஏலத்தில் போய், வேறு ஊரில் ஒட்டுப்போட்டு, அதே பதிவெண்ணில் மறுபடி சாலைக்கு வருகிறது. பயன்பாட்டுக்கே ஆகாதபடி சிதைந்த வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்வது எத்தனை பேருக்குத் தெரியும்?

வாடகை வண்டிக்காவது எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். இடையில் எத்தனை முறை மோதினாலும், பழுது பார்த்தபின் அதன் உடலை அளந்து பார்க்கச் சொல்லும் விதி இல்லை. 136ஆவது பிரிவின்படி மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பது விபத்து நடந்த நிலையிலுள்ள வண்டியைத்தான்.

எனவே காப்பீட்டு ஆணையத்திடம் நாங்கள் கேட்பது: முன், பின், பக்கவாட்டு மோதல் எதுவானாலும் பாகங்களைக் கழற்றியபின் இரண்டாம் ஆய்வு கட்டாயமாக வேண்டும். கூடுதல் எஸ்டிமேட் கிடைத்த இரண்டு வேலை நாளுக்குள் சர்வேயர் நேரில் வர வேண்டும். மறுத்தால், அளவு விவரத்தோடு காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சேசிஸ் அளக்கும் கூலியை எஸ்டிமேட்டில் தனி இனமாக ஏற்க வேண்டும். இன்று அதைக் கேட்டாலே அடித்துவிடுகிறார்கள். லெக், ஏப்ரன், பில்லர், ராக்கர் பேனல் ஆகிய உயிர்காக்கும் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவை நீக்க வேண்டும். மற்ற எதை ஒத்திவைத்தாலும் இந்தக் கழிவு நீக்கத்தை ஒத்திவைக்க வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள்.

போக்குவரத்துத் துறையிடம் கேட்பது: கட்டமைப்புப் பழுதுநீக்கமும் டோட்டல் லாஸும் 'வாகன்' என்னும் வாகனப் பதிவுத் தளத்தில் வண்டியின் பதிவோடு சேர்ந்து தெரிய, மாநில அரசு மத்திய அமைச்சகத்தை வலியுறுத்த வேண்டும். பழைய கார் முகவர்கள் அங்கீகாரச் சான்று பெறும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளதால், விற்கும்போது இவ்விவரத்தைக் காட்டுவதை அதிலேயே சேர்த்துவிடலாம். எந்த இடத்தில் வெட்டிச் சேர்க்கலாம், எங்கே சூடு காட்டவே கூடாது என்று சொல்லும் பழுதுநீக்கக் கையேட்டைக் கார் நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வீஸ் மையங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான கட்டணத்தில், தமிழிலும் தர ஆவன செய்ய வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் அரசு ஐ.டி.ஐ.யில் அளவெடுக்கும் பெஞ்ச் அமைத்து, வேலையிலிருக்கும் டிங்கர்களுக்கு மாலை நேரப் பயிற்சி அளித்தால், சொந்தமாக பெஞ்ச் வாங்க வசதியில்லாத சிறு பட்டறைகளும் வாடகைக்கு அங்கேயே வண்டியை அளந்துகொள்ளும்.

கழற்றும் முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அளவுத் தாள்களையும் இணைத்துள்ளோம். நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், கோரிக்கைகள் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர் / செயலாளர் / பொருளாளர்

இடம்: கோயம்புத்தூர்
இணைப்பு: படங்கள், அளவுத் தாள்கள், உறுப்பினர் கையொப்பப் பட்டியல்
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்