அலவாங்கு விழுமுன் ஆற்றோரத்தைப் பார்க்கட்டும்

தோட்டத்து ஆற்றில் மினி ஹைட்ரோ கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். பீலித் தண்ணீர் குறைந்துவிடுமா? நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா? அந்தக் கரண்டு நம் லயத்துக்கு வருமா? மூன்றும் நியாயமான கேள்விகள். இவற்றைப் பற்றி இந்த இதழில் முன்பும் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இம்முறை நான்காவது கேள்வி ஒன்றை முன்வைக்க விரும்புகிறோம். தோண்டப்போகும் இடத்தில் பழைமையானது என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

இது படித்தவர்களுக்கான கேள்வி, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாட்டின் சட்டமே இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அதன்கீழ் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வந்தன. 0.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் அபிவிருத்தித் திட்டம் எதுவும் தொடங்குமுன் தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. செலவைத் திட்டத்தைக் கொண்டுவருபவரே ஏற்க வேண்டும். 0.25 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 99 பேர்ச். வீட்டுக்கு ஏழு பேர்ச் என்று நாம் கேட்டுக்கேட்டுப் பழகிய கணக்கில் சொன்னால் பதினான்கு வீட்டுத் துண்டுகள். அவ்வளவு சிறிய நிலத்துக்கே இந்த விதி பொருந்தும்.

மினி ஹைட்ரோ இந்த அளவைத் தாண்டாது என்று சிலர் வாதிடுவார்கள். பவர் ஹவுஸ் கட்டடத்தை மட்டும் அளந்தால் தாண்டாதுதான். ஆனால் திட்டம் என்பது அந்தக் கட்டடம் மட்டுமல்ல. மேலே ஆற்றை மறிக்கும் சிறு அணைக்கட்டு, அங்கிருந்து மலைச் சரிவை வெட்டிக்கொண்டு போகும் வாய்க்கால், தண்ணீர் சேரும் தொட்டி, கீழே இறங்கும் பெரிய குழாய், பவர் ஹவுஸ், தண்ணீர் திரும்ப ஆற்றில் விழும் வழி, லொறி போவதற்கு வெட்டும் பாதை, மின்கம்பி வரிசை எல்லாம் சேர்ந்ததுதான் திட்டம். வாய்க்கால் மட்டுமே பல மலைகளைக் கடந்து போகலாம். அகலம் குறைவு, நீளம் அதிகம். பழைய இடங்களைச் சிதைக்க இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆற்றங்கரையும் பாறைக் குகையும் தானே ஆதியில் மனிதர் தங்கிய இடங்கள்?

கித்துல்கலையைப் பாருங்கள். மழையும் அருவியும் நிறைந்த அந்தப் பகுதியில்தான் பெலிலென குகை இருக்கிறது. சிரான் தெரணியகல தலைமையில் நடந்த அகழ்வில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் அங்கே கிடைத்தன. எலும்புகளோடு கிடைத்த கருவிகளில் பல, விரல் நகமளவு வெள்ளைக் கல் சில்லுகள். மம்பட்டி பிடிப்பவர் கண்ணுக்கு அது வெறும் கல். மண்ணோடு அள்ளிக் கொட்டிவிட்டால் போனது போனதுதான். அதனால்தான் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வந்து பார்க்க வேண்டும் என்கிறோம். வேலை தொடங்கியபின் வந்து பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

முன்கூட்டிப் பார்த்ததால் என்ன கிடைக்கும் என்பதற்கு சமனலவெவ சாட்சி. அது சிறு திட்டமல்ல, 1992இல் இயங்கத் தொடங்கிய பெரிய நீர்மின் நிலையம். அணை கட்டி முடியுமுன் 1988இல் அந்தப் பள்ளத்தாக்கில் ஆய்வாளர்கள் இறங்கினார்கள். பலாங்கொடைக்கு அப்பால், மேற்கே பார்த்த மலைச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் வரிசையாகக் கிடந்தன. துருத்தி ஊதாமல், மலையேறி வரும் தென்மேல் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி இரும்பை உருக்கியிருக்கிறார்கள். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்க முடியுமா என்று அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். 1994இல் அதேபோல உலை கட்டி, அதே காற்றில் உருக்கிக் காட்டினார் கில் ஜூலெப் என்ற ஆய்வாளர். நல்ல உருக்கும் கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' என்ற உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் அது வெளியானது. ஆடி மாதக் காற்றில் கொழுந்துக் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் திணறும் நமக்கு, அந்தக் காற்றை வேலை வாங்கிய தொழிலாளர் பெருமை விளங்காமல் போகாது. அணையும் கட்டப்பட்டது, அறிவும் காப்பாற்றப்பட்டது. ஆய்வு நடந்தால் திட்டம் நின்றுபோகும் என்று பயமுறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி நம் மனதில் உறுத்தும் விடயத்துக்கு வருவோம். சட்டம் தொல்பொருள் என்று எதைச் சொல்கிறது? 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதை. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. நம் முன்னோர் கோப்பிக் காட்டுக்கு வரத் தொடங்கியது அதன் பிறகு. கம்பளை சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கிய 1823ஐக் கணக்கில் வைத்துத்தானே 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள்? ஆகவே சட்டத்தின் கோட்டுக்கு அந்தப் பக்கம் மன்னர்களின் காலம், இந்தப் பக்கம் நம் காலம். இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் நாம் கட்டியதும் கும்பிட்டதும் புதைத்ததும் தாமாகவே பாதுகாப்புப் பெறும் பட்டியலில் வருவதில்லை. ஆய்வுக்கு வருபவர் தம் கடமையைச் சரியாகவே செய்து, "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகக்கூடும்.

ஒன்றும் இல்லையா? ஆற்றோரத்தில் கல்லை நட்டு மாடசாமி என்று கும்பிட்ட இடம் இருக்கிறது. காமன் கூத்து ஆடும் பொட்டல் இருக்கிறது. கோப்பிக் காலத்துக் கல் அடுக்கு மதில், தேயிலை வேருக்குள் மறைந்துபோன பழைய லயத்து அத்திவாரம், பெயரெழுதாத மேடுகளாகக் கிடக்கும் மயானம் எல்லாம் இருக்கின்றன. அம்மாயியும் அப்பாயியும் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று நம்மில் பலருக்கு ஒரு மரத்தை அடையாளம் வைத்துத்தான் சொல்லத் தெரியும். அந்த மரம் நிற்கும் சரிவில்தான் வாய்க்கால் வெட்டக் கோடு போட்டிருந்தால்?

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. மினி ஹைட்ரோ தோட்டத்துக்குப் புதிதல்ல. நாட்டு மின்சாரம் மலைக்கு ஏறி வருவதற்குப் பல்லாண்டு முன்பே ஆற்றுத் தண்ணீரால் தேயிலை ஸ்டோர்களை ஓட்டினார்கள். பிறகு லைன் கரண்டு வந்தது, டர்பைன்களைக் கைவிட்டார்கள். இன்று புதிய திட்டத்துக்குப் பொருத்தமான இடம் என்று பொறியியலாளர் கண்டுபிடிக்கும் இடத்தில் பழைய கட்டும் பழைய வாய்க்காலும் இருந்தால் ஆச்சரியமில்லை. அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் யார்? ஸ்டோரில் சக்கரம் சுற்றும் இடத்தில் ரோதைமுனி என்று ஒரு சாமியையே உண்டாக்கிக் கும்பிட்டவர்கள் நாம். பழைய டர்பைன் வீட்டை இரும்புக் கடைக்காரருக்கு நிறுத்து விற்குமுன் ஒரு படமாவது எடுத்து, அளந்து, எழுதி வைக்கக் கூடாதா?

கேட்காமல் விட்டதன் விலை மஸ்கெலியாக்காரர்களுக்குத் தெரியும். 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரிகின்றன. சனம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. மழை வந்தால் மறுபடி மூடிவிடும்.

அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே, இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு அச்சம். போர்டு நட்டால் கோயில் பறிபோகும், குடியிருக்கும் நிலம் பறிபோகும் என்ற பயம். அது வீண் பயம் என்று சொல்ல நாம் தயாரில்லை. 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்று அமைத்த ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை என்பதை நாடே பார்த்தது. ஆனால் அந்தப் பயத்தால் நாம் ஆய்வை எதிர்த்தால், கம்பனிக்குத்தான் வசதி. தோட்ட நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் கையில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பெயரில் ஒரு துண்டும் இல்லை. உறுதி இல்லாத சனத்துக்கு, இங்கே இத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்று காட்ட மயானமும் பழைய லயமும்தான் சாட்சி. அந்தச் சாட்சியை எழுத்தில் ஏற்றிக்கொள்வது நமக்குத்தான் பலம். ஆய்வு வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அல்ல. நம்மையும் கேட்டு ஆய்வு நடக்க வேண்டும்.

சட்டத்திலும் வழி இல்லாமலில்லை. தாக்க மதிப்பீடு நிலத்தின் தொல்பொருள் பெறுமதியோடு வரலாற்றுப் பெறுமதியையும் பார்க்க வேண்டும் என்றே 1998 திருத்தம் சொல்கிறது. 1815க்குப் பிந்திய கட்டடத்தையும் அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கலாம். மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் பயன்படும் இந்த அதிகாரம் லயத்துக்கும் பயன்படட்டும். கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்றைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். அரசு செய்யவில்லை, தொண்டு நிறுவனம் செய்தது.

ஆகவே நம் தொழிற்சங்கம் கேட்பது இதுதான். தோட்டத்தில் மினி ஹைட்ரோ வருமானால் தாக்க மதிப்பீடு நடந்ததா என்று தோட்டத் தலைவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும். ஆய்வுக் குழு சரிவில் நடக்கும்போது தோட்டத்தின் மூத்தவர்கள் இருவர், அதில் ஒருவர் பெண், கூடப் போக வேண்டும். அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும், சம்பளம் வெட்டக் கூடாது. மயானமோ கோயிலோ குறுக்கே வந்தால் வாய்க்காலின் கோட்டை மாற்ற முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நட்டஈடு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தோண்டும்போது பானை ஓடு, நாணயம், எலும்பு, செதுக்கிய கல் என்று எது கண்டாலும் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். தலைவருக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள், முடிந்தால் கையடக்கத் தொலைபேசியில் படமெடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். புதையல் தோண்டியதாக வழக்கு விழுந்தால் சிக்குவது கூலிக்கு நின்றவர், கொந்தராத்துக்காரர் அல்ல.

ஆற்றோரத் தோட்டங்களின் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது தங்கள் தோட்டத்து மயானம், பழைய லயம், டர்பைன் வீடு, சாமி கல் இருக்கும் மலைகளின் இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.