சிவப்பு புஷ்ஷை எல்லா இடத்திலயும் மாட்டாதேங்கோ

காரில கை வைக்கிற எங்கட பெடியளிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ரப்பர் புஷ் தேய்ஞ்சால், சஸ்பென்ஷன் முழுக்கப் பொலியூரிதேன் செட் வாங்கிப் போடுறது. நானும் அப்பான்ர 2000ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக்குக்குப் போட்டன். ஒரு மாதத்துக்குள்ள வேகத்தடை ஒவ்வொண்டிலயும் பழைய கட்டில்மாதிரிக் கிறீச்சிட்டுது. பின்சீட்டில இருந்த அம்மா, "இதுக்கு பஸ்ஸே பரவாயில்லையடா" எண்டா.

பிழை புஷ்ஷில இல்லை, என்னில. ரப்பர் புஷ்ஷில ரப்பர் உள்குழாயோடயும் வெளிக்கூட்டோடயும் ஒட்டியே இருக்கும். சில்லு ஏறி இறங்கேக்க அது வழுக்காது, முறுகித் திரும்பி வரும். அதாலதான் கார் சில்லில நிக்கேக்க போல்ட்டை இறுக்கச் சொல்லுறது. காரைத் தூக்கிவச்சு இறுக்கினால் ரப்பர் எப்பவும் முறுகினபடியே இருந்து கெதியாக் கிழியும். பொலியூரிதேன் புஷ் வழமையா ரெண்டு பாதியா வரும், நடுவில உருக்குக் குழாய். இது அந்தக் குழாயைச் சுற்றி வழுக்கவேணும். உள்துளையில இருக்கிற வரிப்பள்ளங்கள் அழகுக்கில்லை, கிறீஸ் நிக்கிறதுக்கு. குழாயும் புஷ்ஷைவிடக் கொஞ்சம் நீளமா இருக்கும்; போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது குழாயைத்தான். நான் கிறீஸைக் கஞ்சத்தனமாப் பூசினன், அதுதான் அந்தக் கட்டில் சத்தம்.

சத்தத்தை விடுங்கோ, அது கிறீஸோட போயிடும். இந்தச் சிவிக்கின்ர பின் ட்ரெயிலிங் ஆம் ஒரு அச்சில மட்டும் சுழலுறதில்லை, பக்கவாட்டிலயும் கொஞ்சம் சரியும். ஹொண்டா போட்ட ரப்பர் அதுக்கு இடம் விடும். கடுமையான பொலியூரிதேன் விடாது. ஆம் இறுகிப் பிடிக்கும், பின்பக்கம் தெறிக்கும். சில ரப்பர் புஷ்களில இருக்கிற ஓட்டைகளைப் பார்த்து மலிவு வேலை எண்டு நானும் சிரிச்சிருக்கிறன். எந்தப் பக்கம் விட்டுக்குடுக்கவேணும், எந்தப் பக்கம் விறைப்பா நிக்கவேணும் எண்டு கணக்குப் பார்த்து விட்ட ஓட்டை அது.

ஸ்வே பாருக்குப் பொலியூரிதேன் நல்லம். அந்தக் கம்பி தன்ர இடத்தில சுழண்டால் காணும். எண்ணெய் படுற இடத்திலயும் ரப்பரைவிட இது தாங்கும். வாங்கேக்க நிறத்தைப் பார்க்காதேங்கோ, அது அந்தந்தக் கொம்பனியின்ர விருப்பம். ஷோர் ஏ இலக்கத்தைக் கேளுங்கோ. 80உம் 95உம் ஒரே சாமான் இல்லை.

பின்பக்கத்துக்குத் திரும்ப ரப்பர் போட்டாச்சு. ரோட்டு உப்பில ஒரு போல்ட் குழாயோட துருப்பிடிச்சுப்போய், அதை வெட்டி எடுக்கவே ஒரு சனிக்கிழமை போச்சுது.