மதிப்பெண் பலகையும் மசலாவும்

வகுப்பறைக்குள் விளையாட்டு நுழையலாமா என்னும் வினா இன்று புதிதாக எழுந்ததன்று. ஆயினும் கைப்பேசியின் வருகைக்குப் பின் அது புதுக்கோலம் பூண்டுள்ளது. நார்வே நாட்டிலிருந்து 2013-ஆம் ஆண்டு வெளிவந்த 'காகூட்' போன்ற வினாடி வினாச் செயலிகளை இன்று வகுப்புகளிலும் காண்கிறோம். வினா திரையில் தோன்றுகிறது. மாணவர் தம் கைப்பேசியில் விடையைத் தொடுகின்றனர். சரியான விடையை விரைந்து தொட்டவர்க்கு மிகுந்த புள்ளி. முன்னணியில் நிற்போரின் பெயர்கள் திரையில் ஒளிர்கின்றன. உறக்கம் சூழ்ந்த பிற்பகல் வகுப்பும் விழித்துக்கொள்கிறது. 'கல்லூரி என்ன விளையாட்டுத் திடலா?' என வருந்தும் பெரியோர் ஒருபுறம். 'விளையாட்டின்றி இனிக் கல்வியில்லை' என்னும் இளம் ஆசிரியர் மறுபுறம். இரு சாராரிடமும் கூறுவதற்கு எனக்குச் சில சொற்கள் உண்டு.

முதலில் பெரியோர்க்கு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்கள் சூழ்ந்த அவையில் ஒருமுறை புதிர் தொடுத்த செய்தியை புகாரீ நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். இலை உதிராத மரம் ஒன்றுண்டு. அது முஸ்லிமுக்கு உவமையாகும். அஃது எம்மரம் என்பது வினா. தோழர்களின் எண்ணம் பாலை நிலத்து மரங்களைச் சுற்றி வந்தது. பேரீச்ச மரம் என்னும் விடை அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றிற்று. எனினும், மூத்தோர் இருக்கும் அவையில் இளையவராகிய தாம் பேச நாணி, அவர்கள் வாய் திறவாதிருந்தார்கள். நபியவர்களே விடையைக் கூறினார்கள். பின்னர் இதனை அறிந்த தந்தை உமர் (ரலி) அவர்கள், மகன் அவ்விடையைச் சொல்லியிருப்பின் தமக்குப் பெருமகிழ்வாக இருந்திருக்கும் என்றார்கள்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. புதிர், கற்றோர் அவைக்கு இழுக்கன்று என்பது ஒன்று. மௌனமாக இருப்பவன் அறியாதவன் அல்லன் என்பது மற்றொன்று.

தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. தொல்காப்பியர் யாப்பின் வகை ஏழனுள் பிசியையும் ஒன்றாக வைத்தார். நம் இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களோ வினாவையே ஓர் இலக்கிய வகையாக்கினர். 'மசலா' என்னும் அரபுச் சொல் வினா எனப் பொருள்படும். வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572-ஆம் ஆண்டு அரங்கேறியது. 'நூறு மசலா'வில் அரசகுமாரி புதிர்களை அடுக்குகிறாள்; விடை கூற வல்லவனே அவளுக்கு மணாளனாவான். 'வெள்ளாட்டி மசலா'வில் அறிஞர்தம் வினாக்களுக்கு ஒரு பெண் விடையிறுக்கிறாள். சமய அறிவை இத்தகைய வினா விடை வாயிலாகவே நம் முன்னோர் மனங்கொள்ளச் செய்தனர். ஆகவே, விளையாட்டு நம் வகுப்பறைக்கு அந்நியமன்று.

இனி இளம் ஆசிரியர்க்கு. இதனை என் பிழையிலிருந்தே கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவர்க்கு யாப்பிலக்கணம் நடத்துகையில், வகுப்பை நான்கு அணிகளாகப் பிரித்து, கரும்பலகையின் ஓரத்தில் புள்ளிப் பட்டியல் எழுதினேன். சரியான விடைக்கு ஒரு புள்ளி. தவறினால் ஒன்று குறையும். மாத இறுதியில் வெற்றி பெறும் அணிக்கு நூற்பரிசு. முதல் வாரம் வகுப்பு ஆரவாரித்தது. மூன்றாம் வாரத்தில் ஐந்து குரல்களே எஞ்சின. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழ முயன்றபோது, 'நீ சொல்லாதே, புள்ளி போய்விடும்' என்று அவன் அணியினரே அவன் கையைப் பிடித்து அமர்த்தினர். தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவன் அவன். அவனைப் பேசவைக்க நான் வகுத்த விதியே அவன் வாயை அடைத்தது.

அன்றே பட்டியலை அழித்தேன். மறுவாரம் சீட்டுகள் செய்தேன்; ஒவ்வொன்றிலும் ஒரு சீர். மாச்சீருக்குப் பின் நிரையசையில் தொடங்கும் சீட்டையே வைத்தல் வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரசையில் தொடங்குவதையே வைத்தல் வேண்டும். ஈற்றடி மூன்று சீட்டுகளோடு நின்று, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். வெண்பா இலக்கணம் முழுதும் ஆட்ட விதியாயிற்று. புள்ளி இல்லை, பரிசும் இல்லை. தவறாக வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கலாம். அம்மாணவன் மும்முறை தவறினான். நான்காம் முறை பொருத்தினான். பின்பு நிமிர்ந்து, 'காய்க்குப் பின் நிரை வந்தால் என்ன கெடும்?' என்று கேட்டான். அவ்வகுப்பில் அவன் கேட்ட முதல் வினா அதுவே. அது கலித்தளையாகிவிடும் என்று கூறி, அன்றைய பாடத்தைக் கலிப்பாவுக்குக் கொண்டு சென்றேன்.

பரிசு ஆர்வத்தைத் தின்னும் என்பதை ஆய்வும் காட்டியுள்ளது. லெப்பர், கிரீன், நிஸ்பட் என்னும் அமெரிக்க உளவியலார் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியம் வரைய விரும்பும் மழலையருள் ஒரு சாராருக்கு, வரைந்தால் பரிசு உண்டென முன்னரே கூறப்பட்டது. பின்னாளில் பரிசின்றி விடப்பட்டபோது, அவர்களே மற்றவரினும் குறைவாக வரைந்தனர். விரும்பிச் செய்தது கூலிக்குச் செய்ததாகிவிட்டது. மாறாக, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறிற்று. எவரையும் முந்த வேண்டியதில்லை. அடுத்த படியை எட்டினாற் போதும். அத்திட்டத்தின் குறைகள் எவையாயினும், இக்கருத்து போற்றத்தக்கது.

போட்டியே கூடாதென்பது என் கருத்தன்று. பேச்சுப் போட்டியிலும் கவியரங்கிலும் விரும்பி இறங்குவோர்க்கு அது உரமூட்டும். வகுப்பறையோ விரும்பாதவனும் அமர்ந்திருக்கும் இடம். அங்கு விளையாட்டிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டுவது புள்ளியையும் பரிசையும் அன்று. தோற்றவன் மீண்டும் ஆடலாம் என்னும் உரிமையையே. விரைவுக்கு மதிப்பளிக்கும் செயலியைப் பயன்படுத்துவோர், சிந்திக்கும் நேரத்தை நீட்டுக. பெயர்ப் பட்டியலை மறைத்து வைக்க. மாணவரை விடை கூறுவோராக மட்டும் நிறுத்தாது, மசலா தொடுப்போராகவும் ஆக்குக.

பேரீச்ச மரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாய் திறவாதிருக்கும் இளையோர் நம் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவர்களைப் பேசவைக்கும் விளையாட்டே கல்வி. அவர்களை அமர்த்திவிடும் விளையாட்டு, எத்துணை ஆரவாரமாயினும், வீணே.